மருமகன் கொண்டுவந்த வஞ்சிரம்

வெய்ஹாய் துறைமுகத்துக்குப் பின்புறம், வலைக்கடைகளைத் தாண்டிய சந்தில், ஆறு மேசை போட்ட கொழுக்கட்டைக் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரியின் பெயர் லுவான் ஷூமெய். வயது ஐம்பத்தெட்டு. சந்தில் அவளுக்கு வழங்கும் பெயர் நாய்மூக்கு. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணம் பச்சை மீனும் பச்சை இறைச்சியும். உப்பு பார்க்க வாயில் வைக்க முடியாது. அந்தப் பக்கத்துப் பெண்கள் குனிந்து மோந்துதான் உப்பைச் சொல்வார்கள். மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை மோந்து, முகத்தைச் சுளித்து, பக்கத்தில் இருப்பவளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். ஷூமெய்க்கு ஒரே மூச்சு போதும். "இன்னும் ஒரு சிட்டிகை" என்றால் ஒரு சிட்டிகைதான். மீன் என்றால் கேட்கவே வேண்டாம். வியாபாரி கூடையைத் திறப்பதற்குள் "நேத்து மத்தியானம் புடிச்சது, எடுத்துட்டுப் போ" என்று விரட்டிவிடுவாள். விரட்டப்பட்டவனும் எதிர்த்துப் பேசமாட்டான், ஏனென்றால் நேற்று மத்தியானம் பிடித்ததாகத்தான் இருக்கும்.

அந்த மூக்கு செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புது வருஷத்து வசந்தப் பண்டிகைக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். தேறி எழுந்து வந்து வினிகர் கேனைத் திறந்தால் ஒரு வாசமும் வரவில்லை. வினிகர்தான் கெட்டுவிட்டது என்று முழுக் கேனையும் சாக்கடையில் கொட்டினாள். எள்ளெண்ணெயைத் திறந்தாள். பூண்டை நசுக்கினாள். கடைசியில் சந்துக் கோடியில் இருக்கும் பொதுக் கழிவறைக்குள் போய் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாக்கில் உப்பும் புளிப்பும் தெரிந்தன. அதற்கு மேல் உலகம் அவளுக்கு வெறும் வெந்நீராகிவிட்டது.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் யாரிடம் சொல்வது? புருஷன் யூ தெஷான் இரண்டு வருஷமாக ஒரே பாட்டு, கடையை மூடிவிட்டு ஜினான் நகரத்தில் இருக்கும் மகளிடம் போய்விடலாம் என்று. காரணம் தேடி அலைகிற மனுஷனிடம் காரணத்தைக் கையில் தூக்கிக் கொடுப்பதா? வாடிக்கைக்காரர்களிடம் சொல்லவா? எதிர்ச் சாரியில் இறால் கடை ஒன்று இருந்தது. போன வருஷம் நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கியது. இறாலால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தாலும் இரண்டே மாதத்தில் பூட்டு விழுந்தது. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

அவளுக்கு மூக்குதான் பிழைப்பு. பதினாறு வயதில் மீன் ஆலையில் சேர்ந்தபோது மேஸ்திரி அவளுடைய மூக்கைக் கண்டுபிடித்து, மீன் ஓடிவரும் பட்டையின் தலைப்பில் நிறுத்திவிட்டார். ஆலை மூடும்வரை பதினெட்டு வருஷம் அங்கேதான் நின்றாள். தெஷான் அங்கே பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். ஒரே நாளில் அவன் கொண்டுவந்த மூன்று பெட்டியை அவள் திருப்பி அனுப்பினாள். சண்டை போட வந்தவன்தான் மூன்றாம் மாதம் பெண் கேட்டு வந்தான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு எடுத்தாள். அந்த நாலு நாளும் அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். லீவு முடிந்து ஷூமெய் போனபோது ஆலை முற்றத்தில் முப்பத்தொரு பேர் படுத்துக் கிடந்தார்கள். எல்லோருடைய முகமும் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. நெஞ்சு படபடக்கிறது, தலை பிளக்கிறது என்று புரண்டார்கள். ஆலைச் சாப்பாட்டில் போட்ட வஞ்சிரம் செய்த வேலை. கெட்டுப்போன வஞ்சிரத்தை எத்தனை நேரம் வேகவைத்தாலும் அதில் ஏறிய விஷம் போகாது. மற்றவர்கள் சாயங்காலம் எழுந்துவிட்டார்கள். வாசல் காவலாளிக்கு மட்டும் ஏற்கெனவே இதயம் பலவீனம். அவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பதிலாக நின்ற பெண் சுவரோரம் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அழுதாள்: "பார்வைக்கு நல்லாத்தான் இருந்துது."

இந்த மூன்று மாதமும் ஷூமெய் பார்வையால்தான் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். செவுள் சிவப்பா, கண் தெளிவா, அமுக்கினால் சதை எழும்புகிறதா, அவ்வளவுதான். தன் கண்முன்னால் கரை சேர்ந்த படகில் மட்டும் வாங்கினாள். உப்புக்கு ஒரு சின்னக் கரண்டியை ஏப்ரன் பையில் ஒளித்து வைத்திருந்தாள். பூரணத்தின் மேல் குனிந்து வழக்கம்போல ஒரு மூச்சு இழுத்துக் காட்டுவாள். எல்லாம் வெறும் நடிப்பு.

அதோடு, தினமும் காலை ஒன்பது மணிக்கு, கடை திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பூரணத்திலும் ஒரு கொழுக்கட்டை பிடித்து வேகவைத்துத் தானே தின்பாள். தின்றுவிட்டுக் கடிகாரத்துக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். கழுத்து சிவக்கிறதா, நாக்கு குறுகுறுக்கிறதா, நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? நெஞ்சு தினமும்தான் அடித்துக்கொண்டது. அது மீனாலா பயத்தாலா என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. அரை மணி கழிந்து ஒன்றும் ஆகாவிட்டால் எழுந்து கதவைத் திறப்பாள். ஒரு காலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு திறந்த கதவு அது.

ஏப்ரல் வந்தது. வசந்தத்தில் முதல் வஞ்சிரம் வலையில் படும்போது மருமகன் நல்லதாக ஒரு ஜோடி வாங்கி மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் கரையில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் அந்த மாதம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஷூமெயின் மகள் ஹைலினுக்குப் போன அக்டோபரில்தான் கல்யாணம் ஆனது. தெஷான் சந்து பூராவும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தான். "எம் மருமவன் வர்றான், வஞ்சிரம் வருது!"

மருமகன் குவாங் கடலுக்குத் தூரமான ஊர்க்காரன். கல்யாணத்துக்கு முன்னால் கடலைப் படத்தில்தான் பார்த்தவன். சனிக்கிழமை பத்து மணிக்கு ஜினானிலிருந்து கார் வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து முதல் மேசையில் வைத்தான். மேலே சிவப்பு நாடாவால் பெரிய முடிச்சு போட்டிருந்தது.

"அம்மா, அப்பா, மொத வருசத்து மீன். தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான்.

"அடேயப்பா! மீனா இது, ஒவ்வொன்னும் என் கை நீளம் இருக்கு!" என்று தெஷான் மூடியைத் திறந்து கூவினான். கூவிய வேகத்திலேயே அவனுடைய முகம் ஒரு கணம் சுருங்கியது. ஷூமெய் அதைப் பார்த்தாள். பெட்டியில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

"ஐஸ் எங்க?" என்றாள்.

"நேத்துச் சாயங்காலம் சந்தையில நெறய போட்டுத்தான் குடுத்தாங்கம்மா. வழியில லாரி கவுந்து ரோட்ட அடச்சுட்டாங்க. ராத்திரி பூரா அங்கயே நின்னுட்டோம்" என்றான் குவாங். அவன் நெற்றியில் வியர்வை. "உங்க மூக்குக்குப் பயந்துகிட்டே வந்தேன். கெட்டுப்போச்சுன்னா சொல்லிடுங்க, நான் வேற வாங்கியாறேன்."

"அம்மா, நீ மோந்து பாத்துச் சொல்லு" என்றாள் ஹைலின். அவளும் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கோங் அண்ணன் உள்ளே வந்தார். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ஒரு நாள் தவறாமல் இந்தக் கடையில்தான் மத்தியானச் சாப்பாடு.

"என்னடா தெஷான், மருமவன் மீனா? எனக்கு ஒரு தட்டு உண்டா இல்லையா?"

"உக்காருங்கண்ணே, மொத தட்டே உங்களுக்குத்தான். மகாராணி இப்பத்தான் மோந்து பாக்கப் போறாங்க."

நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். ஷூமெய் குனிந்தாள். செவுளை விலக்கினாள். சிவப்பு இருந்தது, கொஞ்சம் பழுப்பு கலந்த மாதிரியும் இருந்தது. அமுக்கினாள். சதை எழும்பியது, மெதுவாக எழும்பியது. மூச்சை இழுத்தாள். காலியான குழாயில் காற்று போவதுபோல இருந்தது. மறுபடியும் இழுத்தாள். இரண்டாவது மூச்சு அவள் வழக்கமே இல்லை. தெஷான் புருவத்தைத் தூக்கினான்.

கெட்டது என்று சொல்லிவிடலாம். நல்ல மீனாக இருந்துவிட்டால்? மருமகன் முதல் வருஷம் ராத்திரி முழுக்கச் சுமந்து வந்ததை மாமியார் முகத்தில் எறிந்தாள் என்று ஆகும். கூட இருக்கிற நாலு மூக்கும் 'இது நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லும். அதோடு எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் நிமிர்ந்தாள்.

"நல்ல மீன்" என்றாள்.

குவாங் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். ஹைலின் சிரித்தாள். தெஷான் பெட்டியை மறுபடி ஒரு தடவை எட்டிப் பார்த்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "எனக்கு என்னமோ லேசா..." என்று ஆரம்பித்தவன், "சரி, நீ சொன்னா சரிதான்" என்று முடித்துக்கொண்டான்.

லேசா என்ன? என்ன லேசா? அவனைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

முதுகெலும்பை எடுத்தாள். கரண்டியால் சதையைச் சுரண்டினாள். பன்றிக்கொழுப்பைச் சேர்த்துக் கொத்தினாள். மீன் பூரணத்தில் ஊற்றுவதற்கென்று ஊறவைத்த மிளகுத் தண்ணீர் இருந்தது. நாக்கை மரக்கவைக்கும் காட்டு மிளகு அது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரே பக்கமாகக் கிண்டினாள். முப்பது வருஷமாகக் கிண்டும் கை அன்று இரண்டு தடவை திசை தப்பியது. கடைசியில் பூண்டுத்தழையைக் கொட்டினாள். முன்னறையில் தெஷானும் ஹைலினும் சொப்புக்கு மாவை வட்டம் வட்டமாகத் தேய்த்து அடுக்கினார்கள். எல்லோருமாக உட்கார்ந்து பிடித்தார்கள். குவாங் பிடித்தவை எல்லாம் வாயைப் பிளந்துகொண்டன. கோங் அண்ணன் விடவில்லை.

"மருமவனே, கொழுக்கட்டைக்கு வாய மூடத் தெரியணும். அதுதான் கல்யாணத்துக்கும் மொத பாடம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷூமெய் ஒரே ஒரு கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். சின்னச் சட்டியில் அதைத் தனியாக வேகவைத்து, ஊதக்கூடப் பொறுமையில்லாமல் விழுங்கினாள். மணி பதினொன்று ஐந்து. அரை மணி நேரம் வேண்டும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னறையிலிருந்து தட்டு தட்டாகக் கொழுக்கட்டை வந்தது. இனி நிறுத்திவைக்க முடியாது. பானைக்குள் விட்டாள்.

பானை பொங்கும்போது மூன்று தடவை பச்சைத் தண்ணீர் ஊற்றி அடக்குவது வழக்கம். மூன்று தடவை ஊற்றினாள். மணி பதினொன்று பன்னிரண்டு. நாலாவது தடவை ஊற்றினாள். நாக்கின் நுனி குறுகுறுத்தது. மிளகுத் தண்ணீராக இருக்கும். ஐந்தாவது தடவை ஊற்றினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமாக இருக்கும். கழுத்து சுட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் சுடாதா?

"ஹைலினோட அம்மா! கொழுக்கட்ட வேகவெக்கிறியா, கஞ்சி காச்சுறியா? கோங் அண்ணன் மாத்திர போட்டுகிட்டு ஒக்காந்திருக்காரு" என்று தெஷான் கத்தினான்.

"இன்னும் கொஞ்சம் வேகணும்."

"நாலு கொழுக்கட்ட வெடிச்சு மெதக்குது, இன்னும் என்ன வேகணும்?" அவனே உள்ளே வந்து, அவள் கையிலிருந்த துளைக்கரண்டியைப் பிடுங்கினான். மூன்று தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மணி பதினொன்று இருபது. ஷூமெயின் கால்கள் அவளைக் கேட்காமலே பின்னால் நடந்தன.

ஹைலின் எல்லோருக்கும் வினிகர் ஊற்றினாள். முதல் தட்டு கோங் அண்ணனுக்கு முன்னால் இருந்தது. அவர் சாப்பாட்டுக் குச்சியால் ஒன்றை எடுத்து, வினிகரில் தோய்த்து, வாய்வரை கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தினார். அவர் மூக்கு ஒரு தடவை துடித்தது.

"ஷூமெய், நீ பாத்தாச்சுல்ல?"

பாத்தாச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முப்பது வருஷத்துக்கு முந்திய ஆலை முற்றத்திலிருந்து வந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வெளியே விழுந்தது.

"பார்வைக்கு நல்லாத்தான் இருந்துது."

சொன்னது தன் காதில் விழுந்ததும் பாய்ந்து போய் அவர் கையை அடித்தாள். குச்சி ஒரு பக்கம், கொழுக்கட்டை ஒரு பக்கம் பறந்தது. மகள் தட்டைத் தள்ளினாள், மருமகன் தட்டைத் தள்ளினாள். பீங்கான் தரையில் விழுந்து உடைந்தது.

"யாரும் வாயில வெக்காதீங்க! எனக்கு வாசனையே தெரியல. மூணு மாசமாத் தெரியல. காய்ச்சல்லயே மூக்கு செத்துப்போச்சு. மீன நான் மோந்தே பாக்கல, பொய் சொன்னேன்!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். திட்டுவார்கள் என்று காத்திருந்தாள்; திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. முதலில் பேசியவன் குவாங்.

"எனக்கு கார்லயே வாட அடிச்சுதும்மா. கடலோரத்து மீன் இப்பிடித்தான் இருக்கும்போல, நமக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன். நீங்க நல்ல மீன்னு சொன்னதும் எம் மூக்குதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

"எனக்கும் அடிச்சுது" என்றாள் ஹைலின் மெதுவாக.

தெஷான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூடியத் தொறந்ததுமே எனக்கு அடிச்சுது."

கோங் அண்ணன் காலடியில் கிடந்த கொழுக்கட்டையைப் பார்த்தார். "வாய்கிட்டக் கொண்டுபோகயில நல்லாவே அடிச்சுதும்மா. ஆனாலும் நீ பாத்தாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தின்னுருப்பேன்."

இதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஷூமெய்க்கு அப்போது தோன்றியது. அந்தக் கடையில் நாலு மூக்கு உயிரோடு இருந்தன. செத்த மூக்கு ஒன்று சொல்லியது என்பதற்காக நாலு பேரும் தின்றிருப்பார்கள்.

"ஏய், உன் கழுத்தப் பாரு!" தெஷான் அலறினான். "நீ தின்னியா? எப்பத் தின்னே?"

கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியிருந்தது. அடுப்புச் சூடு இல்லை. தலை கிண்ணென்று வலித்தது. குவாங்தான் அவளைக் காரில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு ஓட்டினான். ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாலு மணிக்குச் சிவப்பு வடிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தெஷான் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். ஜினான் என்ற வார்த்தையை அவன் எடுக்கவில்லை. அவளும் கடை என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் சமையலறையில் நின்றாள். அன்று மீன் கிடையாது, பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும்தான். சின்னச் சட்டியில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. தெஷான் உள்ளே வந்து பூரணச் சட்டியின் மேல் குனிந்தான். ஒரு தடவை மோந்தான். யோசித்தான். மறுபடி மோந்தான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"பார்வைக்கா, மூக்குக்கா?"

"மூக்குக்குத்தான்."

"இன்னொரு தடவ மோந்து பாருங்க."

அவன் முனகாமல் இன்னொரு தடவை குனிந்தான். "உப்பு கொஞ்சம் கம்மியோன்னு இருக்கு. எனக்கு அந்த அளவுக்கெல்லாம் தெரியாது, ஹைலினோட அம்மா. கெட்டுப்போகல, அத மட்டும் அடிச்சுச் சொல்லுவேன்."

அவள் ஏப்ரன் பையிலிருந்து சின்னக் கரண்டியை எடுத்து, அவன் பார்க்கவே, இன்னும் கால் கரண்டி உப்புப் போட்டாள். ஒரு கொழுக்கட்டை பிடித்துச் சட்டியில் விட்டாள்.

"எனக்கும் ஒன்னு போடு" என்றான்.

"நீங்க வேணாம். தின்னா அரமணி நேரம் இங்கயே..."

"தெரியும். மூணு மாசமாக் காலையில கடிகாரத்துக்கு அடியில ஒக்காந்திருந்தியே, சாமி கும்புடுறியாக்கும்னு நெனச்சுகிட்டிருந்தேன். நான் ஒரு முட்டாள்."

அவள் இன்னொன்று பிடித்தாள். இரண்டையும் வேகவைத்துத் தின்றார்கள். கடிகாரத்துக்குக் கீழே இரண்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே கோங் அண்ணன் வழக்கத்துக்கு மாறாக இவ்வளவு காலையிலேயே வந்து, கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டார். கதவு திறக்க இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருந்தது. ஷூமெய் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.